என்னோட மெஷின்ல ஓடுதே!

விண்டோஸில் ஒரு மென்பொருளை எப்படிப் போடுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டபுள் கிளிக், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். பி.காம் படிக்கும் பிள்ளைகள் டேலி போட்டாலும் சரி, தமிழ் டைப்பிங் மென்பொருள் போட்டாலும் சரி, இதே கதைதான். லினக்ஸ் பக்கம் வந்தவர்களுக்கு மட்டும் இன்னொரு மந்திரம் தெரியும். மூலநிரலை இறக்கிப் பிரித்து, டெர்மினலைத் திறந்து மூன்று கட்டளைகள். கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். அவ்வளவுதான்.

முதல் கட்டளையை அடித்தவுடன் திரையில் மடமடவென்று வரிகள் ஓடும். சி கம்பைலர் இருக்கிறதா... இருக்கிறது. அது வேலை செய்கிறதா... செய்கிறது. இந்த நூலகம் இருக்கிறதா... இல்லை. அந்தச் சார்பு இருக்கிறதா... உண்டு. நூற்றுக்கணக்கில் கேள்வி, நூற்றுக்கணக்கில் பதில். பெரும்பாலானவர்கள் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போய்விடுவார்கள் :-)

ஆனால் அந்த வரிகளுக்குப் பின்னால் நாற்பது வருடக் கதை இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவருடைய கணினியில், அங்கே என்ன இருக்கும் என்றே தெரியாமல், ஒரு வேலையை எப்படிச் சரியாக முடிப்பது என்ற கேள்வி அதில் இருக்கிறது. அந்தக் கேள்வியைச் சரியாகக் கையாளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024-இல் உலகமே பார்த்த ஒரு சாட்சியும் இருக்கிறது.

தண்டவாளம் ஒன்றல்ல

விழுப்புரம் ஜங்ஷன் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அங்கிருந்து ஐந்து திசைகளில் பாதை பிரிகிறது. திண்டிவனம் வழியாகச் சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி, அப்புறம் புதுச்சேரி. ஒரு காலத்தில் இவை எல்லாமே மீட்டர்கேஜ். தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர். அகலப்பாதைக்கு 1676 மில்லிமீட்டர். 1990களின் இறுதியில் தொடங்கி 2010 வரை படிப்படியாகத்தான் எல்லாப் பாதைகளும் அகலப்பாதை ஆயின. இடைப்பட்ட வருடங்களில் ஒரு பக்கம் அகலம், இன்னொரு பக்கம் மீட்டர். இரண்டும் ரயில்தான், இரண்டும் இரும்புதான். ஆனால் இந்தத் தண்டவாளத்தில் ஓடும் பெட்டி அந்தத் தண்டவாளத்தில் ஏறாது. ஆட்கள் இறங்கி வண்டி மாறவேண்டும், சரக்கை இறக்கி ஏற்றவேண்டும்.

யுனிக்ஸின் கதையும் இதேதான். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கி வைத்தார்கள். அது பரவப் பரவ ஆளாளுக்கு ஒரு யுனிக்ஸ் வந்துவிட்டது. பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சிஸ்டம் ஃபைவ் ஒன்று, சன் நிறுவனத்துக்கு சன்ஓஎஸ், ஐபிஎம்முக்கு ஏஐஎக்ஸ், டெக் நிறுவனத்துக்கு அல்ட்ரிக்ஸ். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்று. உள்ளே போனால் கேஜ் வேறு. ஒரு சொல்லுக்குள் ஓர் எழுத்தைத் தேடும் சின்னச் சார்புக்குக்கூட பெர்க்லியில் 'இண்டெக்ஸ்' என்று பெயர், சிஸ்டம் ஃபைவில் 'எஸ்டிஆர்சிஎச்ஆர்'. செய்கிற வேலை ஒன்றுதான், பெயர்தான் வேறு. பெயர் மாறினால் மென்பொருள் கட்டப்படாது.

ஆரம்பத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. மூலநிரலோடு ஒரு குறிப்பும் வரும். சன் வைத்திருப்பவர்கள் இந்த வரியை மாற்றுங்கள், ஐபிஎம் வைத்திருப்பவர்கள் அந்த வரியை மாற்றுங்கள் என்று. கையால் திருத்தவேண்டும். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்குச் சரி, மற்றவர்களுக்கு?

ஊர்ப் பெயரைக் கேட்காதே, சரக்கைக் கேள்

பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால் இதற்கு முதலில் ஒரு நல்ல வழி காட்டினார். 1980களில் தன்னுடைய 'ஆர்என்' என்ற செய்தி வாசிப்பு மென்பொருளோடு, கணினியைத் தானே சோதித்துப் பார்க்கும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டையும் சேர்த்துக் கொடுத்தார். பிறகு 1991-இல் டேவிட் மெக்கன்ஸி என்பவர் குனு திட்டத்துக்காக ஆட்டோகான்ஃப் என்ற கருவியை எழுத ஆரம்பித்தார். இன்றும் திரையில் மடமடவென்று ஓடும் அந்த வரிகளில் பெரும்பகுதி அந்தக் கருவியின் பிள்ளைகள்தான்.

ஆட்டோகான்ஃபின் அடிப்படை யோசனை ரொம்ப எளிமையானது. 'இது எந்த யுனிக்ஸ்?' என்று கேட்காதே. 'இந்த வசதி இங்கே இருக்கிறதா?' என்று கேள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒருவர் திண்டிவனத்தில் ஒரு மளிகைக் கடைக்குப் போகிறார். 'இது திண்டிவனம் கடை, திண்டிவனம் கடை என்றால் பனங்கற்கண்டு இருக்கும்' என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தால் என்ன ஆகும்? அன்றைக்குத் தீர்ந்து போயிருக்கலாம். புதிதாகத் திறந்த கடையாக இருக்கலாம். 'அண்ணாச்சி, பனங்கற்கண்டு இருக்கா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் முடிந்தது. கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் செய்வது இதைத்தான். நாலு வரியில் ஒரு குட்டி நிரலை எழுதி, அதைக் கம்பைல் செய்து பார்க்கும். ஆனால் சரக்கு இருக்கிறது, ஆகாவிட்டால் இல்லை. அவ்வளவே. அந்தக் கணினியின் பெயர் என்ன, நிறுவனம் எது என்பது பல இடங்களில் தேவையே இல்லை. நாளைக்கு ஒரு புது யுனிக்ஸ் வந்தாலும் அதே கேள்வி வேலை செய்யும்.

சரி, இதை ஏன் ஷெல்லில் எழுத வேண்டும்? பைத்தானில் எழுதலாமே, பெர்லில் எழுதலாமே? எழுதலாம்தான். ஆனால் அந்தக் கணினியில் பைத்தான் இருக்கும் என்று யார் சொன்னது? எந்த யுனிக்ஸ் கணினியிலும் நிச்சயமாக இருக்கக்கூடிய ஒரே மொழி ஷெல்தான். 1979-இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்போடு ஸ்டீஃபன் போர்ன் எழுதிய ஷெல் வந்தது. அதற்குப் பிறகு வந்த கார்ன் ஷெல், 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் குனுவுக்காக எழுதிய பேஷ், அதே ஆண்டில் கென்னத் ஆல்ம்குவிஸ்ட் எழுதிய ஆஷ் எல்லாமே அந்தப் போர்ன் ஷெல்லின் வழியில் வந்தவை. 1992-இல் போசிக்ஸ் தரம் ஷெல்லுக்கும் விதிமுறை வகுத்தது. காமர்ஸ் மாணவர்களுக்குப் புரியும்படி சொன்னால் அது ஒரு அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கணக்கை இப்படித்தான் காட்டவேண்டும் என்பது போல, எந்த ஷெல்லாக இருந்தாலும் இவ்வளவையாவது இப்படித்தான் செய்யவேண்டும் என்ற ஒப்பந்தம். அதற்கு மேல் ஒவ்வொருவரும் தங்கள் சொந்தச் சரக்கைச் சேர்த்துக் கொள்ளலாம்.

சிக்கல் ஆரம்பிப்பதே அந்தச் சொந்தச் சரக்கில்தான்.

திண்டிவனத்தில் ஓடும், விழுப்புரத்தில் ஓடாது

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அரசு கலைக்கல்லூரி இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர். திண்டிவனத்தில் ஒரு மாணவி ஃபெடோரா லினக்ஸ் வைத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் ஒரு புராஜெக்டைக் கட்டுவதற்கு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி விழுப்புரத்தில் இருக்கும் நண்பனுக்கு அனுப்புகிறாள். அவனிடம் இருப்பது அரசு கொடுத்த மடிக்கணினி. 2011-இல் ஆரம்பித்த அந்தத் திட்டத்தில் எல்காட் மூலம் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அவன் அதை எடுத்துவிட்டுப் புது டெபியன் போட்டிருக்கிறான். ஓட்டிப் பார்க்கிறான், ஓடவில்லை. போன் போடுகிறான். அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதில் உலகம் முழுக்க ஒன்றுதான்: "என்னோட மெஷின்ல ஓடுதே!"

அவள் சொல்வது பொய்யில்லை. ஃபெடோராவில் 'எஸ்எச்' என்று கூப்பிட்டால் வருவது பேஷ். டெபியனிலும் உபுண்டுவிலும் அதே பெயரைக் கூப்பிட்டால் வருவது டேஷ் என்ற சின்ன, வேகமான ஷெல். உபுண்டு 2006 அக்டோபரில் வந்த 6.10 பதிப்பிலேயே மாறிவிட்டது. டெபியன் 2011-இல் வந்த 6.0 பதிப்பில் மாறியது. அன்றைக்கு எத்தனை ஸ்கிரிப்டுகள் உடைந்தன என்று பழைய லினக்ஸ் ஆட்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

உடைவது எங்கே? சில இடங்கள் வெளிப்படையானவை. பேஷில் மட்டும் இருக்கும் அர்ரே டேஷில் கிடையாது, உடனே பிழை காட்டி நின்றுவிடும். நின்றுவிட்டால் பரவாயில்லை, சரிசெய்துவிடலாம். நிற்காமல் தப்பாக ஓடுவதுதான் ஆபத்து.

நிபந்தனைக்கு [[ ]] என்று இரட்டை அடைப்புப் போடுவது பேஷின் வழக்கம். டேஷுக்கு [[ என்றால் என்னவென்றே தெரியாது. அப்படி ஒரு கட்டளை இல்லை என்று ஒரு வரி முனகிவிட்டு, நிபந்தனை பொய் என்று எடுத்துக்கொண்டு அடுத்த கிளைக்குப் போய்விடும். ஸ்கிரிப்ட் தொடர்ந்து ஓடும், தப்பான பாதையில். ஒற்றை அடைப்பு [ ] போட்டு, ஒப்பிடுவதற்கு == என்பதற்குப் பதில் ஒற்றை = போட்டால் எல்லா ஷெல்லுக்கும் புரியும்.

இன்னும் மோசமானது &> என்ற குறி. பேஷில் இதற்கு 'வெளியீடு, பிழை இரண்டையும் அந்தப் பக்கம் தள்ளிவிடு' என்று பொருள். கம்பைலர் இருக்கிறதா என்று சத்தமில்லாமல் சோதிக்க நிறையப் பேர் இதைப் பயன்படுத்துவார்கள். டேஷ் இதையே இரண்டாகப் பிரித்துப் படிக்கும். & வரை ஒரு கட்டளை, அதைப் பின்னணியில் ஓடவிடு. மீதி > தனி. அந்த மீதி எப்போதுமே வெற்றிதான். ஆக, கம்பைலர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சோதனையின் விடை 'இருக்கிறது'. குடோனுக்குள் கால் வைக்காமலேயே ஸ்டாக் சரி என்று டிக் அடிக்கும் ஆடிட்டர் மாதிரி! எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துச் சம்பந்தமே இல்லாத இடத்தில் விழும். புதிதாகக் கற்றுக்கொள்பவர் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார்.

எக்கோ கட்டளையும் ஷெல்லுக்கு ஷெல் வேறு மாதிரி நடந்துகொள்ளும், அதற்கு பிரிண்ட்எஃப் எவ்வளவோ மேல். கோப்புக்குள்ளேயே மாற்றம் செய்யச் சொல்லும் 'செட்' கட்டளையின் 'ஐ' விருப்பம் லினக்ஸில் ஒருவிதம், மேக்கில் ஒருவிதம். விண்டோஸ் நோட்பேடில் எழுதிய ஸ்கிரிப்டில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். லினக்ஸில் ஓட்டினால், கண்ணெதிரே இருக்கும் ஷெல்லையே 'காணோம்' என்று சொல்லும்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. இயங்குதளத்தைத் தமிழில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சில ஸ்கிரிப்டுகள் ஒரு கட்டளையை ஓட்டிவிட்டு, அது தரும் செய்தியில் ஓர் ஆங்கிலச் சொல் இருக்கிறதா என்று தேடும். செய்தி தமிழில் வந்தால்? தேடியது கிடைக்காது, ஸ்கிரிப்ட் குழம்பிவிடும். தமிழில் கணினி வைத்துக்கொண்டதுதான் அவர் செய்த குற்றம்! ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் 'எல்சி ஆல்' என்ற மாறிக்கு 'சி' என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டால் போதும், எல்லா ஊரிலும் ஒரே மொழியில் பதில் வரும். ஒரே ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரியைப் போடுவதற்கு, ஆங்கிலம் அல்லாத கணினியும் உலகத்தில் இருக்கிறது என்ற நினைப்பு எழுதுபவருக்கு இருக்கவேண்டும்.

மூலநிரலிலிருந்து கட்டுவதெல்லாம் யாருக்கு வேண்டும், ரெடிமேடாகக் கிடைக்கிறதே என்று கேட்கலாம். ஓர் உதாரணம். படத்தில் இருக்கும் தமிழ் எழுத்துகளைப் படித்து உரையாக்கும் டெஸ்ஸராக்ட் என்ற மென்பொருள். 1985 முதல் 1994 வரை ஹெச்பியில் உருவாகி, 2005-இல் திறந்த மூலமாகி, 2006 முதல் கூகுள் ஆதரவில் வளர்ந்தது. 2018-இல் வந்த 4-ஆம் பதிப்பில்தான் புதிய நரம்பணு வலை முறை வந்தது. ஆனால் உபுண்டு 16.04 வைத்திருந்தவர்களுக்கு ரெடிமேடாகக் கிடைத்தது பழைய 3-ஆம் வரிசை. புதியது வேண்டுமென்றால் மூலநிரலிலிருந்துதான் கட்டவேண்டும். அதன் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், லெப்டோனிகா என்ற நூலகம் போதுமான பதிப்பில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து, இல்லையென்றால் இன்னது வேண்டும் என்று பெயர் சொல்லி நிற்கும். நல்ல ஸ்கிரிப்டுக்கு அதுதான் அடையாளம்.

அழிந்த கோப்புகள், ஒளிந்த வரிகள்

ஸ்கிரிப்ட் தவறினால் வெறும் 'ஓடவில்லை' என்பதோடு முடிந்துவிடுமா? 2015 ஜனவரியில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் ஒரு பிழை வெளிவந்தது. அதன் ஷெல் ஸ்கிரிப்டில், தன் கோப்புறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, அதற்குள் இருப்பதையெல்லாம் அழிக்கும் வரி ஒன்று இருந்தது. கோப்புறையைக் கண்டுபிடிக்க முடியாமல் போனால் அந்த மாறி காலி. காலியான மாறிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, ஒரு நட்சத்திரக் குறி. அதாவது கணினியின் வேரிலிருந்து எல்லாவற்றையும் அழி! பயனர் அழிக்க உரிமை பெற்ற கோப்புகள் எல்லாம் போயின. வெளியே செருகியிருந்த வன்தட்டில் இருந்ததையும் சேர்த்துத்தான். மாறியின் பெயரோடு :? என்ற இரண்டு குறிகளைச் சேர்த்திருந்தால், காலியாக இருக்கும்போது ஸ்கிரிப்ட் நின்றிருக்கும். தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அது அலட்சியம். 2024-இல் நடந்தது திட்டமிட்ட வேலை. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன நூலகம், ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. அதைச் சம்பளமில்லாமல் பராமரித்து வந்தவர் கிட்டத்தட்ட ஒரே ஒரு ஆள். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்து, வெளியீடு செய்யும் பொறுப்பையே பெற்றுவிட்டார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசல் வைத்தார். எங்கே? சி நிரலில் வெளிப்படையாக வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்களே. கட்டுமான ஸ்கிரிப்டை உருவாக்கும் எம்4 கோப்பு ஒன்றில் வைத்தார். அந்த வரி எல்லோரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை, இறக்கிக் கட்டுவதற்காக வெளியிட்ட பொட்டலத்தில் மட்டும் இருந்தது. கான்ஃபிகர் ஓடும்போது, சோதனைக்கான கோப்பு போல வேடம் போட்டிருந்த ஒன்றிலிருந்து விஷத்தை எடுத்துக் கலக்கும்.

2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் இதை வெளிப்படுத்தினார். அவர் பாதுகாப்பு நிபுணர்கூட இல்லை, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். தொலைவிலிருந்து உள்நுழையும் எஸ்எஸ்எச் சுமார் அரை வினாடி அதிகம் எடுக்கிறதே, ஏன் என்று துருவியவர். அந்த அரை வினாடி அவர் கண்ணில் படாமல் போயிருந்தால், உலகெங்கும் எத்தனையோ சர்வர்களின் சாவி யாரோ ஒருவர் கையில் இருந்திருக்கும்.

ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்? கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஆயிரக்கணக்கான வரிகள். பழைய பழைய ஷெல்களுக்கும் புரியவேண்டும் என்று சுற்றிவளைத்து, இயந்திரமே எழுதியது. யாரும் படிப்பதில்லை. எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். எங்கும் ஓடவேண்டும் என்ற நல்ல நோக்கமே, ஒளிந்துகொள்ள வசதியான புதராகவும் ஆகிவிட்டது. அது இந்த முறையின் மறுபக்கம், அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை.

அப்படியானால் தூக்கிப் போட்டுவிடலாமா?

ஆட்டோகான்ஃபுக்கு மாற்றாக சிமேக், மீசான் என்று நல்ல கருவிகள் வந்திருக்கின்றன. இன்னொரு கட்சி, 2013-இல் வந்த டாக்கரைக் காட்டி, 'கணினிக்குக் கணினி சோதிப்பானேன், கணினியையே பொட்டலம் கட்டி அனுப்பிவிடு' என்கிறது. அலுவலகத்தில் சரிதான். ஆனால் அந்தப் பொட்டலம் பல சமயம் நூற்றுக்கணக்கான எம்பி. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் தினசரி டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் மாணவருக்கு, நினைவகம் குறைந்த பழைய மடிக்கணினிக்கு, அது ஒரு நாள் சாப்பாடு. சில கேபி அளவில் வரும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், 'உன்னிடம் இருப்பதை வைத்தே வேலை நடக்கும், இந்த ஒன்று மட்டும் குறைகிறது' என்று சொல்லுமானால் அதன் மதிப்பே வேறு.

விழுப்புரத்தில் விஜிளக் என்ற குனு லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகக் கணினித் தொழில்நுட்பம் சொல்லித்தருகிறது. அப்படிப்பட்ட வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைகளின் கணினிகள் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் உபுண்டு, ஒன்றில் டெபியன், ஒன்று அண்ணன் பயன்படுத்திக் கொடுத்தது. சொல்லித்தருபவரின் ஸ்கிரிப்ட் அவருடைய கணினியில் மட்டும் ஓடினால் முதல் ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும். நல்ல மெஷின் வைத்திருப்பவர்கள் முன்னேறிவிடுவார்கள், மற்றவர்கள் பக்கத்துத் திரையை வேடிக்கை பார்ப்பார்கள். 'எங்கும் ஓடவேண்டும்' என்பது இங்கே தொழில்நுட்ப அழகு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்கவேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது.

ஆக, ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. பேஷ்தான் வேண்டும் என்றால் முதல் வரியிலேயே பேஷ் என்று நேர்மையாக எழுதிவிடலாம். 'எஸ்எச்' என்று எழுதினால் டேஷில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும், அது சில நிமிட வேலை. ஷெல்செக் என்ற இலவசக் கருவியிடம் கொடுத்தால் மேலே சொன்ன தவறுகளில் பாதியை அதுவே சுட்டிக்காட்டும். மாறிகளை மேற்கோளுக்குள் வைப்பது, அழிக்கும் வரிக்கு முன்னால் மாறி காலியா என்று பார்ப்பது, ஏதாவது குறைந்தால் எது குறைகிறது என்று பெயர் சொல்லி நிற்பது. படிக்கக்கூடிய அளவுக்குச் சின்னதாக எழுதுவது எல்லாவற்றையும்விட முக்கியம்.

ஓட்டுபவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. யாரோ கொடுத்த ஸ்கிரிப்டை அப்படியே ஓட்டாமல், முக்கியமாக ரூட் அனுமதியோடு ஓட்டாமல், ஒருமுறை திறந்து பார்க்கலாம். எல்லாம் புரியவேண்டும் என்பதில்லை. எதை அழிக்கிறது, எங்கிருந்து எதை இறக்குகிறது என்று பார்த்தாலே போதும். டீ எங்கேயும் ஓடிப் போகாது :-)